வாயில் ஆறாத புண்ணா? துணுக்கு எடுக்கப் பயப்பட வேண்டாம்

வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெரியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், "பயாப்ஸி எடுக்க வேண்டும்" என்பார் மருத்துவர். சிவப்புத் திட்டை இன்னும் கவனமாய்ப் பார்ப்பார்.

உடனே வீட்டில் கலக்கம். "கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்று யாராவது சொல்லிவைப்பார்கள். நோயாளி போனவர் போனவர்தான்; திரும்பி வரும்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கும். இந்தப் பேச்சைப்போல் கேடு விளைவிப்பது வேறில்லை. துணுக்கு எடுப்பதால் அல்ல, நாள் கடத்துவதால்தான் நோய் முற்றுகிறது.

நடப்பதெல்லாம் சுமார் அரை மணி நேர வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. ஆகையால் சாப்பிட்டுவிட்டே வரலாம். மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று குத்தும், சற்று எரியும். பிறகு இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. எடுப்பது துவரம்பருப்பு அளவு சதைதான். தேவையானால் ஓரிரு தையல். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தாங்களாக அதை நிறுத்தக் கூடாது.

அன்று கொப்பளிக்கவும் காறித் துப்பவும் வேண்டாம். மரப்பு நீங்கும்வரை ஒன்றும் மெல்லக் கூடாது; தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்ளுகிறவர்கள் உண்டு. பின்பு ஆறிய கஞ்சி, மோர் சாதம் போதும். காரமும் சூடான காப்பியும் இரண்டு நாள் பொறுக்கட்டும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாய்க் கொப்பளிக்கலாம். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து இருபது நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

துணுக்கை ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லியதாய்ச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதனால் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். பலருக்குப் புற்று இல்லை என்றே வரும். சிலருக்குப் புற்றுக்கு முந்தின மாறுதல் தெரியும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் சிகிச்சை எளிது.

"நான் வெறும் பாக்குதான் போடுகிறேன்" என்பது சமாதானமல்ல. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் அறிக்கை வெளியிட்டது.

முடிவு நன்றாய் வந்தும் புண் ஆறவில்லையானால் மறுபடியும் காட்டுங்கள். சில வேளைகளில் வேறோர் இடத்தில் இன்னொரு துணுக்கு எடுக்க வேண்டிவரும்.