பொய்க்கலப்பும் மெய்க்கலப்பும்

பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர்க்குச் செல்லரித்தலினும் பெரிய இடர் இடைச்செருகலாம். செல்லரித்த இடம் தானே தெரியும். பின்னோர் செருகிய பாட்டோ மூலம்போல் நடிக்கும். ஏட்டைவிட்டு எலும்பை ஆராய்ந்த ஒருவர்க்கும் இவ்விடரே நேர்ந்தது. அவர், சுவீடன் நாட்டுப் பிறப்புரிமையியல் அறிஞர் சுவாந்தே பேபோ.

1955இல் ஸ்ரொக்ஹோமிற் பிறந்த அவர், உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது, எகிப்திய மம்மி ஒன்றினின்றும் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததாக 1985இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். உலகம் வியந்தது. அவரோ அவ்வியப்பில் மயங்கினாரல்லர். தற்கால மனிதரின் டி.என்.ஏ. அதிற் கலந்திருத்தல் கூடுமெனப் பின்னர்த் தாமே ஒப்புக்கொண்டார்.

ஆராய்வோர் கைபட்டாலும், அறையின் தூசி படிந்தாலும் பழைய எலும்பிற் புதிய டி.என்.ஏ. புகுந்துவிடும். ஆதலின் காற்றையும் வடித்துச் செலுத்தும் தூய அறைகளை அமைத்தார். 1997இல் நியாண்டர்தால் மனிதரது டி.என்.ஏ.யின் சிறு பகுதியை முதன்முதலாகப் படித்தபோது, அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றும் அதனைத் தனித்துச் சோதித்து உறுதிசெய்தது.

பின்னர், ஜேர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து, 2010இல், அம்மனிதரது முழு மரபுத்தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டார். ஆபிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபில், நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 பங்கு நியாண்டர்தாலரிடமிருந்து வந்ததென்பது இன்று தெளிந்த செய்தி. இரு குலத்தாரும் கூடி மக்கட்பேறு எய்தியமைக்கு அதுவே சான்று.

நோபல் பரிசு 2022இல் அவரை அடைந்தது. ஆயினும், தம் முதல் வெற்றியைத் தாமே ஐயுற்றமையையே யான் மாணவர்க்கு எடுத்துரைப்பேன். பொய்க்கலப்பைக் களைந்தமையாலன்றோ மெய்க்கலப்பு விளங்கிற்று!