யார் பிள்ளை என்னும் வினா

பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மன்னர் வாயில்தோறும் சென்றவர் கபிலர். விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். அம்மகளிர் யாவர் என்பதைத் தாமே எடுத்துரைத்து, அவர்களுக்கு ஒரு வாழ்வு வேண்டி நின்றார். புறநானூற்றின் 200, 201, 202ஆம் பாடல்களை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே கற்பித்திருக்கிறேன். திணை சொன்னேன், துறை சொன்னேன், அருஞ்சொற்களுக்குப் பொருள் சொன்னேன். ஆயினும், பெற்றோர் நிழல் இழந்த பிள்ளைக்காகப் பிறர் வாயிலில் நிற்பது எத்தகைய பணி என்பதை நான் உணர்ந்தது, ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்ற பின்னரே. அதுவும் நூலகத்தில் அன்று. கொட்டாஞ்சேனையில், ஒரு சிறுவர் இல்லத்து வாங்கிலே.

என் வீடு வெள்ளவத்தையில். காலையில் கடற்கரையோரம் சற்று உலாவுதல், மாலையில் 57ஆம் ஒழுங்கையிலுள்ள தமிழ்ச் சங்கத்தில் நூல் புரட்டுதல், இவையே ஓய்வுக்குப் பின் என் நாட்களாயிருந்தன. அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் தேவை என்று நண்பர் ஒருவர் கூறினார். இல்லத்தாரின் இசைவும் நன்னடத்தை உத்தியோகத்தரின் இசைவும் பெற்றுச் சென்றேன். இலக்கணம் கற்பிக்கப் போகிறேன் என்றே எண்ணினேன்.

அங்கே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை இங்கு கூறேன்; அது அவனுக்குரியது. முதல் மாதம் முழுவதும் அவன் என்னோடு பேசிய சொற்களை விரல் விட்டு எண்ணலாம். பிறகு சிறிது சிறிதாகப் பேசலானான். அவ்வேளையில் நான் ஒரு பிழை செய்தேன். உறவினர் திருமணம், காய்ச்சல், மழை என்று மூன்று கிழமை போகவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. நான்காம் ஞாயிறு சென்றபோது அவன் கொப்பியை எடுத்து வரவில்லை. "மூன்று கிழமையும் கேற்றடியிலே இருந்தவன் சேர். உள்ளே வா என்றாலும் வரேல்லை" என்று மற்றொரு சிறுவன் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வராவிட்டால் மாணவர்க்கு அது விடுமுறை. இங்கே அஃது ஓர் ஆள் இழப்பு. வந்தவர் எல்லாரும் ஒருநாள் வராமற்போனதையே வாழ்க்கையாகக் கண்ட பிள்ளைக்கு, குறித்த நாளில் குறித்த நேரத்தில் வருதலே முதற் பாடம். அன்று தொடங்கி, வர இயலாத கிழமைகளில் முன்கூட்டியே சொல்லியனுப்பத் தவறியதில்லை.

இத்தகைய பிள்ளைகள் எவ்வாறு இல்லங்களுக்கு வருகின்றனர் என்பதை வாசகர் அறிதல் நன்று. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே இதற்கு அடிப்படை. காப்பும் பராமரிப்பும் வேண்டும் பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவர். நன்னடத்தை உத்தியோகத்தர் குடும்ப நிலையை ஆராய்ந்து அறிக்கை தருவார். நீதிமன்றம் அப்பிள்ளையை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பலாம். உறவினராயினும் அல்லராயினும், ஏற்க மனமுள்ள தகுந்த ஒருவர் கையில் ஒப்படைக்கவும் சட்டம் இடந் தருகின்றது. ஆனால், தகுந்தவர் முன்வராவிடத்து எஞ்சுவது நிறுவனமே. தாயும் தந்தையும் இறந்தவரே அங்கு இருப்பர் என்று நாம் நினைக்கிறோம், அஃது உண்மையன்று. வறுமை, பிரிவு, தாயின் வெளிநாட்டு வேலை, தந்தையின் குடி ஆகியவற்றால் வந்தவர் பலர். பெற்றோர் உயிரோடிருக்கவும் பிள்ளை தனித்து நிற்கும் அவலம் அது.

அச்சிறுவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற ஆளடையாளம் வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புப் பதிவு வேண்டும். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை என் நினைவுக்கு வந்தது. தாய் சாலி கைவிட, ஏழு நாள் பசுவின் பாலருந்திப் பிழைத்த குழந்தையை இளம்பூதி எடுத்து வளர்த்தான்; கல்வியும் கற்பித்தான். ஆனால், அவன் பிறப்பு இன்னதென அவையிலே வெளிப்பட்ட அன்று வளர்த்தவனே கைவிட்டான். அக்காலத்து அவையோர் கேட்ட அதே வினாவை இன்று படிவங்கள் கேட்கின்றன. தந்தை பெயர்? பிறந்த இடம்? பதிவு இலக்கம்?

இல்லத்து அலுவலரோடு நானும் அலுவலகங்களுக்கு நடந்தேன். ஒரு கருமபீடத்தில் மற்றொன்றுக்குப் போகச் சொல்வர்; மற்றொன்றில் மறுநாள் வரச் சொல்வர். பதிவேடுகளில் தேடியும் அவன் பிறப்பு அகப்படவில்லை. அத்தகையோர்க்கு அனுமான வயதுச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. அதைப் பெற எட்டு மாதங்கள் சென்றன. இல்லத்தில் பணியாற்றுவோர் இரக்கமில்லாதவர் அல்லர். பல பிள்ளைகளைச் சிலர் கவனிக்கும் இடத்தில், ஒரு பிள்ளையின் ஒரு காகிதத்தைத் தொடர்ந்து செல்ல எவர்க்கும் பொழுதில்லை. பொழுதுள்ள ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும், அவ்வளவே.

இதனை அமெரிக்காவில் ஒரு முறையாகவே அமைத்துள்ளனர். 1977ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சூக்கப், தம்முன் வரும் பிள்ளைகளின் உண்மை நிலையைத் தாம் போதிய அளவு அறியாமலே தீர்ப்பளிக்க நேர்வதை எண்ணி வருந்தி, பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் நீதிமன்றத்தில் பேசும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அது பின்னர் அந்நாடெங்கும் பரவியது. என் பணிக்கு அப்படியொரு பதவிப் பெயர் இல்லை. பிள்ளைகள் என்னைச் 'சேர்' என்பர், அது போதும்.

இனி, நான் மறைக்க விரும்பாத இரண்டாம் பிழையைச் சொல்கிறேன். அவனுடைய எதிர்காலத்தைக் குறித்து ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது, என்னையும் அழைத்தனர். நான் ஆயத்தமாகச் சென்றேன். அவனுடைய தமிழறிவைப் புகழ்ந்தேன்; உயர்தர வகுப்பில் கலைப்பிரிவில் சேர்க்க வேண்டும் என்றேன்; புத்தகச் செலவை ஏற்பதாகவும் கூறினேன். யாவரும் மகிழ்ந்தனர். வெளியே வந்ததும் அவன் கேட்டான்:

"சேர், தங்கச்சியைப் பற்றி ஒன்றும் கதைக்கேல்லையே?"

"எந்தத் தங்கச்சி?" என்றேன்.

அவனுக்கு ஒரு தங்கை உண்டு. இல்லங்கள் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறாதலின் அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஐந்து ஆண்டுகளாக அவன் அவளைக் கண்டதில்லை. ஏறத்தாழ ஓராண்டு பழகியும், வேற்றுமை உருபுகளைக் கேட்ட நான் அவனிடம், "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மேலும் ஒன்று. அவள் இருந்த இல்லம் வெள்ளவத்தையில், என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. சந்தைக்குச் செல்லும்போதெல்லாம் அந்த மதிலைக் கடந்தே நான் சென்றிருக்கிறேன்.

சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எவ்விடயத்திலும் பிள்ளையின் கருத்தைக் கேட்டு மதிக்க வேண்டும் என்கிறது. இலங்கை அதனை 1991ஆம் ஆண்டில் ஏற்றது. உடன்பிறந்தோரைத் தக்க காரணமின்றிப் பிரித்தலாகாது என்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும் கூறுகின்றன. இவற்றை நான் படித்தது அன்றிரவுதான். மறுநாளே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சென்று, "நேற்று நான் பேசியது என் விருப்பம்; அவன் விருப்பத்தை அவனே சொல்லட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நாட்குறிப்பைத் திறந்து நாள் குறித்தார். அடுத்த கூட்டத்தில் அவனே பேசினான். நான் பக்கத்தில் வாய்மூடி இருந்தேன். மாதம் ஒருமுறை தங்கையைச் சந்திக்க இசைவு கிடைத்தது.

முதற் சந்திப்பன்று அவனை பஸ்ஸில் அழைத்து வந்தேன். காலி வீதியில் இறங்கி ஒரு பை மாலுபணிஸ் வாங்கினான், காசு அவனுடையது. அவள் மிக வளர்ந்திருந்தாள். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அவள், "அண்ணா, உனக்கு இன்னும் மீன் பிடிக்காதா?" என்றாள். நான் எழுந்து வெளியே வந்து, ரயில் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் உயர்தரம் கற்கவில்லை. தொழிற்பயிற்சி பெற்று, மின்னிணைப்பு வேலை செய்கிறான். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு அன்று மாலை எங்கு செல்வது என்பதே பெரும் வினா. அதற்கான ஏற்பாட்டை ஈராண்டு முன்னரே நாங்கள் தொடங்கியிருந்தோம். கூலிக்கு ஓர் அறை, வங்கிக் கணக்கு, சோறு சமைக்கும் பழக்கம் ஆகியன அன்பளிப்புப் பொதிகளிலும் மேலான உதவிகள். தங்கையும் படிப்பை முடித்து அவனோடு சேரும் நாளை இப்பொழுது இருவரும் எண்ணியிருக்கின்றனர்.

கபிலர் பாரி மகளிர்க்காகப் பாடினார். அவர் பாடலால் மன்னர் மனம் இளகவில்லை. ஆயினும், பாரி மகளிர் தாமே பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாடல் ஒன்று நிற்கின்றது. தந்தையும் மலையும் இழந்த துயரை அவர்கள் சில அடிகளில் கூறிவிட்டனர். கபிலரின் பாடல்கள் அனைத்தையும் அறியாதவரும் அந்த ஒன்றை அறிவர். பிள்ளைகளுக்காகப் பேசப் புகும் நாம், முதலில் அவர்கள் பேச இடம் விடுதல் வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகள் கற்பித்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

ஆசிரிய நண்பர்களே, ஓய்வு பெற்றோரே, மாணவர்களே! கொழும்பிலே நீங்கள் நாள்தோறும் கடக்கும் மதில்களுள் ஒன்றின் பின்னே ஒரு பிள்ளை இருக்கக்கூடும். முறைப்படி இசைவு பெற்று உள்ளே செல்லுங்கள். ஆண்டிற்கொரு நாள் அன்னதானத்தோடு பலர் வருகின்றனர், அது நன்று. கிழமைக்கொரு மணிநேரம், தவறாது வருபவர் சிலரே. வரமுடியுமென்றால் மட்டும் தொடங்குங்கள். தொடங்கினால், தயவுசெய்து, அடுத்த ஞாயிறும் செல்லுங்கள்.