இருவர் பணிபுரியும் குடும்பம்

இருவர் பணிபுரியும் குடும்பம் என்பது கணவன், மனைவி இருவரும் ஊதியம் பெறும் தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பத்தைக் குறிக்கும். வீட்டு வேலைகளை எவ்வாறு பகிர்வது, யாருடைய தொழிலுக்கு முன்னுரிமை தருவது, எப்போது, எத்தனை குழந்தைகள் பெறுவது ஆகிய மூன்றும் இத்தகைய குடும்பங்களில் ஒன்றையொன்று சார்ந்த முடிவுகளாகும். ஒன்றை மட்டும் தனியே தீர்க்க முற்பட்டால் அதன் சுமை மற்ற இரண்டின் வழியாக, பெரும்பாலும் மனைவியின் மீது, விழுகிறது. இக்கட்டுரை முதன்மையாக இந்தியாவின், குறிப்பாகத் தமிழ்நாட்டின் நிலையை விளக்குகிறது.

கருத்துரு

உழவர், நெசவாளர் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைப்பது புதிதன்று. நாற்று நடுதல், களை எடுத்தல், தறிக்கு நூல் சுற்றுதல் போன்றவற்றைப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளனர். எனினும் அவ்வேலைகள் வீட்டிலோ வீட்டுக்கு அருகிலோ நடந்தன. தொழிற்சாலையும் அலுவலகமும் வேலையை வீட்டிலிருந்து பிரித்து, நேரக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே இன்று பேசப்படும் சிக்கல் தோன்றியது எனலாம்.

இருவரும் தொழில்முன்னேற்றத்தை நாடும் குடும்பங்களைப் பற்றி ரோனா ராப்பபோர்ட், ராபர்ட் ராப்பபோர்ட் என்னும் ஆய்வாளர் இணையர் 1969 இல் எழுதினர். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சீல்டு 1989 இல் வெளியிட்ட நூலில், வேலையிலிருந்து திரும்பிய பின் வீட்டில் தொடங்கும் உழைப்பை "இரண்டாம் முறைப்பணி" என்று அழைத்தார். தொழிற்சாலை 'ஷிப்டை' மனத்திற்கொண்டு இடப்பட்ட பெயர் இது.

வீட்டு வேலைப் பகிர்வு

இந்தியாவில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம் ஆவர். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024 ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்களாக இருந்தன. இந்த நிமிடக் கணக்கு வேலை செய்தவர்களை மட்டுமே உள்ளடக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலையே செய்யாத ஆண்களையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

நிமிடங்களில் அடங்காத வேலையும் உண்டு. இட்லி மாவை யார் அரைக்கிறார் என்பதை எளிதில் அளக்கலாம். ஆனால் அரிசியும் உளுந்தும் இன்று ஊறவைக்கப்பட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது யார்? எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தல், குழந்தையின் தடுப்பூசி நாளைக் கவனித்தல், பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாளை அறிந்திருத்தல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. சொன்னதைச் செய்யும் கணவர் உள்ள வீட்டிலும், சொல்ல வேண்டிய பொறுப்பு மனைவியிடமே தங்கிவிடுகிறது. ஆகவே வேலைகளைப் பங்கிடுவதைவிட, ஒரு பொறுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடம் ஒப்படைப்பது கூடுதல் பயன் தரும்.

வெளியுதவியும் பகிர்வை மாற்றுகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குப் புறப்படும் பெற்றோரின் காலைச் சமையலில் ஒரு பகுதியைக் குறைத்தது. தாத்தா, பாட்டி உடனிருக்கும் வீடுகளில் குழந்தை பராமரிப்பு அவர்களைச் சேர்கிறது. பெரும்பாலும் அது பாட்டியின் வேலையாகவே முடிகிறது.

தொழில் தெரிவுகள்

அரசு ஊழியர்களிடையே முதன்மையான சிக்கல் பணியிட மாறுதலாகும். கணவன், மனைவி இருவரையும் இயன்றவரை ஓரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என நடுவண் அரசு 1986 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2009 இல் அவை மேலும் வலுப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கான மாறுதல் கலந்தாய்விலும் கணவன்-மனைவி முன்னுரிமை உண்டு.

தொழிற்சாலைகளில் சிக்கல் வேறு வகையானது. இந்தியத் தொழிற்சாலைகளில் பணியாற்றும் பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் உள்ளனர். இருவரும் முறைப்பணி செய்யும் வீடுகளில் ஒருவர் பகலிலும் மற்றவர் இரவிலும் வேலைக்குச் சென்று குழந்தையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதுண்டு. இதனால் காப்பகச் செலவு மிச்சமாகிறது. ஆனால் இணையர் இருவரும் விழித்த நிலையில் சந்திக்கும் நேரம் அரிதாகிறது.

2023 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், நீண்ட நேரமும் அழைத்த வேளையில் வருவதும் மிகுந்த ஊதியத்தால் ஈடுசெய்யப்படும் வேலைகளே ஆண், பெண் ஊதிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் என்று விளக்கினார். குழந்தை பிறந்ததும் ஒருவராவது வீட்டு அவசரத்துக்குக் கிடைக்க வேண்டியுள்ளது. அப்போது நெகிழ்வான, ஊதியம் குறைந்த வேலையைப் பெரும்பாலும் மனைவி ஏற்கிறார். அந்த ஆண்டின் கணக்கில் அது குடும்பத்துக்கு இலாபமாகத் தோன்றினாலும், பத்தாண்டுகளில் இருவரின் ஊதியமும் எட்ட முடியாத தொலைவில் விலகிவிடக்கூடும்.

குழந்தைப்பேற்றைத் திட்டமிடல்

கல்வியும் பணி நிலைப்படுதலும் இருபதுகளின் பிற்பகுதி வரை நீள்வதால், தொழிலின் முக்கிய ஆண்டுகளும் குழந்தை பெறும் ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பெண்ணின் கருவுறும் திறன் முப்பதுகளின் நடுப்பகுதிக்குப் பின் விரைவாகக் குறைகிறது. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை.

இந்தியா 1952 இல் தேசியக் குடும்ப நலத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று கருத்தடைப் பொறுப்பு பெரிதும் பெண்களிடமே உள்ளது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருந்தனர். ஆண் கருத்தடை அறுவையைச் சார்ந்தோர் 0.3 சதவீதத்தினரே. ஆண்களுக்கான அறுவை எளிதானது, உணர்விழப்பு ஊசி இட்ட பகுதியில் மட்டும் செய்யப்படுவது. ஆயினும் அதன் பின் ஏறத்தாழ மூன்று மாதம் வேறு கருத்தடை முறையைத் தொடர வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 இல் மட்டும், 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை, பல கட்டாயத்தின்பேரில் நடந்தவை. அதனால் எழுந்த அச்சத்துக்குப் பின் திட்டம் பெண்களை நோக்கித் திரும்பியது.

சட்டமும் விடுப்பும்

1961 ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் 2017 இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 கிழமைகளிலிருந்து 26 கிழமைகளாக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் இவ்விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் (2020) அடங்கியுள்ளன. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளோருக்குக் காப்பீட்டுக் கழகம் பணம் தருகிறது. மற்றவர்களுக்கு முழுச் செலவும் முதலாளியைச் சார்ந்தது. பெண்களைப் பணியமர்த்தத் தயங்குவதற்கு இதுவே வழிவகுக்கிறது என்ற குறை கூறப்படுகிறது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2021 இல் 12 மாதங்களாக உயர்த்தியது.

மாநில அரசின் இரு குழந்தை வரம்பு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. முதல் மணத்தில் இரு குழந்தைகள் பெற்று, அவர்கள் முன்னாள் கணவரிடம் வளர, மறுமணம் செய்துகொண்டு மீண்டும் கருவுற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டிருந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளுடன் இணைந்தது எனக் கூறி, நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தந்தையருக்கு நடுவண் அரசு ஊழியராயின் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்குப் பொதுவான சட்டம் இல்லை. சுவீடன் 1974 இல் தாய், தந்தை இருவரும் பகிரக்கூடிய விடுப்பை அறிமுகப்படுத்தியது. ஆனால் தந்தையர் அதைச் சிறிதளவே பயன்படுத்தினர். எனவே 1995 இல் ஒரு மாதம், 2002 இல் இரண்டாவது, 2016 இல் மூன்றாவது என, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் மற்றவருக்கு மாற்றித்தர முடியாத மாதங்கள் ஒதுக்கப்பட்டன. அம்மாதங்களைத் தந்தை எடுக்காவிட்டால் அவை குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகும்.