பட்டாளத்து வாக்கி டாக்கி நம் கிட்டங்கிக்கு ஆகுமா?

வாக்கி டாக்கி என்றதும் சினிமாவில் பார்த்த போர்முனைதான் நம் நினைவுக்கு வருகிறது. பட்டாளத்தில் இருந்து வந்து கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். முகாம் வாசல் காவல், லாரி வரிசையை நகர்த்துவது, ஸ்டோரில் சரக்கு இறக்குவது என்று சண்டையில்லாத வேலைகளுக்கும் கையில் அதுதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ராணுவம் படகுகளோடு இறங்கியபோது பல பகுதிகளில் செல்போன் ஊமையாகிவிட்டது. டவர் தேவைப்படாத கருவியின் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் வைத்திருந்த எஸ்.சி.ஆர். 536 கருவி சுமார் இரண்டேகால் கிலோ. ஏரியலை இழுத்தால்தான் உயிர் வரும். இன்று அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது.

கடையில் ஒருவர், கிட்டங்கியில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் லோடு இறக்கும்போது ஆள் ஓடும் நேரம் மிச்சம். ஆனால் பட்டாளத்துப் பழக்கமும் கூடவே வேண்டும். பட்டனை அமுக்கிப் பேசி, விட்டுவிட்டுக் கேட்க வேண்டும்; இருவரும் சேர்ந்து பேச முடியாது. "துவரை 20 மூட்டை" என்றால் எதிர்முனை "20 மூட்டை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் "சரிண்ணே" என்று விட்டுவிடுவார்கள், அங்கேதான் கணக்கு உதைக்கும். விலையை மட்டும் அதில் பேசவே கூடாது. அதே சேனலில் உள்ள எவரும் கேட்கலாம். ராணுவம் போர்முனைக்கென்று அலைவரிசை தாவும் கருவிகளைத் தனியாக வைத்திருப்பது இதனால்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அவற்றைச் செய்கிறது. இன்னொன்று, ஒத்தக்கடையில் கடையும் யானைமலைக்கு அந்தப்புறம் கிட்டங்கியும் உள்ளவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம். அலை பாறையைத் துளைத்துப் போகாது.

சட்டம்தான் முக்கியம். 1933ஆம் ஆண்டுச் சட்டம் முதலே நம் நாட்டில் வயர்லெஸ் கருவி வைத்திருக்க உரிமம் கேட்டார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, சக்தி குறைந்த கருவிகளுக்கு மட்டும் உரிமம் வேண்டாம் என்றது. அந்தக் கருவிக்கும் அரசின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு அலைவரிசைக் கருவியை வாங்கினால் போலீஸ் வயர்லெஸ்சில் போய் இடிக்கலாம். அலைவரிசை விவரம்கூடச் சொல்லாமல் இணையத்தில் விற்பவர்கள் மீது 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வாங்கும் நமக்கு மட்டுமல்ல, ஃபேன்சி சாமான்களோடு இதையும் தொங்கவிட்டு விற்கும் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.