காசியில் கடை, காஞ்சியில் கைது: ஒரு பாங்கு உருண்டையின் சட்டக் கணக்கு

இந்த எபிசோடு எங்க தெருவுல ஒரு தம்பி கேட்ட கேள்வியில இருந்து வந்தது. அவன் ஊர் வாரணாசி. அப்பா அங்கே பனாரஸ் பட்டு நெய்றவர். தறியில வருமானம் போதாம, இவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பார்க்கிறான். காஞ்சிபுரத்துல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரூம்.

ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பும்போது கேட்டான்: "அண்ணா, எங்க ஊர்ல பாங்கு கடை இருக்கு. கவர்மென்ட் போர்டே மாட்டியிருக்கும். ரூம் பசங்களுக்கு நாலு உருண்டை வாங்கிட்டு வரலாமா?"

"வேணாம்டா"ன்னு உடனே சொல்லிட்டேன். "ஏன், அங்க கடையிலதானே விக்கிறாங்க?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனால சட்டத்தை எடுத்துப் படிச்சேன். படிச்சதைச் சொல்றேன்.

செடி ஒண்ணு, சட்டம் வேற வேற

நாடு முழுக்கப் பொருந்துற சட்டம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். சுருக்கமா என்.டி.பி.எஸ். அது செடியைப் பாகம் பாகமாப் பிரிக்குது. பிசின் எடுத்தா அது சரஸ். பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதி கஞ்சா. இந்த நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள்ளேயே வராது. 1961-இன் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்திலும் வரையறை இப்படித்தான் இருக்கு.

பாங்கு அரைக்கிறது இலையில. அதனால அது மத்தியச் சட்டத்தின் பிடியில இருந்து நழுவி, மாநிலங்களின் கைக்குப் போயிடுது. உத்தரப் பிரதேசமும் ராஜஸ்தானும் உரிமம் கொடுத்துக் கடை நடத்த விடுறாங்க. தம்பி பார்த்த போர்டு அதுதான்.

தமிழ்நாட்டுல அப்படி ஒரு உரிமக் கடை கிடையாது. ராஜாஜி காலத்துல, 1937-இல் சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்குச் சட்டம் மதுவுக்கு மட்டும் போட்டதில்ல, போதைப்பொருட்களுக்கும் சேர்த்துத்தான். மத்தியச் சட்டத்துல இலை இல்லைன்னா இங்கே அனுமதின்னு அர்த்தம் ஆகாது. நம்மில் பலர் தடுக்கி விழுற இடம் இதுதான்.

அரைச்ச பிறகு இலை எது, பூ எது?

"கஞ்சா சாக்லேட் பறிமுதல்"னு செய்தியில அடிக்கடி பார்க்கிறோம். ஒரு பொருளை அரைச்சு, சர்க்கரை சேர்த்து, உருட்டிட்டா அது இலையா பூவான்னு கண்ணால சொல்ல முடியாது. போதை தர்ற டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இலையிலயும் இருக்கு, பூவிலயும் இருக்கு. டி.எச்.சி. இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் விடை கிடைச்சிடாது.

2022-இல் பெங்களூருல 29 கிலோ பாங்கும் 400 கிராம் கஞ்சாவும் வச்சிருந்ததா ஒருத்தரைப் பிடிச்சாங்க. கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அந்தப் பாங்கு சரஸிலயோ கஞ்சாவிலயோ செஞ்சதுன்னு காட்ட எதுவும் இல்லைங்கிறது காரணம். ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. அது ஜாமீன் உத்தரவு, அதுவும் வேற மாநிலத்துல. அடுத்தது, அந்த உத்தரவு வர்ற வரைக்கும் மனுஷன் உள்ளேதான் இருந்தார்.

எடை போடுறது எதை?

இன்ஜினியரா என்னை நிமிர்ந்து உட்கார வச்ச பகுதி இது. இந்தச் சட்டத்துல தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு. சரஸுக்கு அதே எல்லைகள் 100 கிராம், 1 கிலோ.

சிறிய அளவுன்னா 1 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதைத் தாண்டினா 10 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். வணிக அளவுன்னா சிறையே 10 வருஷத்துல இருந்துதான் தொடங்கும், ஜாமீனும் லேசுல கிடைக்காது.

2020-இல் ஹீரா சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், கலவையில தூய போதைப்பொருளை மட்டும் எடை போடக்கூடாது, மொத்தக் கலவையையும் எடை போடணும்னு சொல்லிடுச்சு. இப்போ கணக்குப் போடுங்க. 1 கிராம் சரஸ் கலந்த 150 கிராம் சாக்லேட் 100 கிராமைத் தாண்டிடுச்சு. சர்க்கரைக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

அமெரிக்காவுலயும் இதே ஓட்டை

அங்கே 2018 விவசாயச் சட்டம், உலர் எடையில 0.3 சதவீதத்துக்கு மேல டெல்டா-9 டி.எச்.சி. இல்லாத செடியை 'ஹெம்ப்'னு சொல்லி அனுமதிச்சது. வரையறையில டெல்டா-9 மட்டும்தான் இருந்தது. உடனே டெல்டா-8 கம்மி மிட்டாய் பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்துடுச்சு. ஒரு மாநிலம் தடை போட்டது, இன்னொண்ணு வயசு வரம்பு வச்சது. கடைசியில 2025 நவம்பர்ல மத்திய அரசே வரையறையை இறுக்கிச் சட்டம் போட்டது. ஒரு வருஷம் கழிச்சுத்தான் அது அமல்.

அங்கிருந்து யாராவது அந்த மிட்டாயைப் பெட்டியில வச்சுக் கொடுத்தா வாங்காதீங்க. இங்கே டி.எச்.சி.யே தனியா மனமயக்கப் பொருள் பட்டியல்ல இருக்கு. 0.3 சதவீதக் கதை சென்னை ஏர்போர்ட்ல செல்லாது.

ஹெம்ப் விதையும் விதை எண்ணெயும் வேற கதை. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவா அனுமதிச்சது, டி.எச்.சி.க்கு வரம்பு வச்சு.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். "ரயில்ல வரும்போது எந்த ஸ்டேஷன்ல இருந்து தப்பு ஆகுது அண்ணா?"ன்னான்.

சிரிப்பு வந்தது, ஆனா கேள்வி சரியானது. எல்லைக்கோடு ரயில் ஜன்னல்ல தெரியாது. வக்கீல் வைக்கப் பணமும் பேசத் தமிழும் இல்லாதவனுக்கு, லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிற நாட்களே தண்டனை. மாசாமாசம் ஊருக்குப் போற பணமும் அதோட நின்னுடும்.

உங்க பக்கத்து ரூம்லயும் இப்படி ஒரு தம்பி இருப்பான். அவன் ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.