101 வாக்கும் ஒரு சிட்டிகை உப்பும்

மரக்காணம் தொகுதிக்கு எம்.எல்.ஏ. யார் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 234 தொகுதிகளின் பட்டியலில் விரல் வைத்து இரண்டு தரம் தேடினாலும் மரக்காணம் சிக்காது. உப்பளம் உண்டு, பேரூராட்சி உண்டு, தாலுகா உண்டு. தொகுதி மட்டும் கிடையாது! 72ஆம் எண்ணில் 'திண்டிவனம் (தனி)' என்று ஒரு வரி வருகிறதே, அதற்குள்தான் இந்தக் கடற்கரை முழுக்க ஒளிந்துகொண்டிருக்கிறது.

சரி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தி வரப்பு வழியாகத்தான் உள்ளே போகப் போகிறோம். வழுக்கும், பார்த்து.

முதலில் எல்லைக்கோடு. திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் ஒரே தொகுதியாக முடிச்சுப் போட்டது டெல்லியில் உட்கார்ந்த ஏதோ ஒரு கமிஷன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுபாணாற்றுப்படையைப் புரட்டியதும் துள்ளிக் குதித்துவிட்டேன். ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் தலைநகர் கிடங்கில். அது இன்று திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அவனுடைய கடற்கரைப் பட்டினமான எயிற்பட்டினம் இதே மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் இந்தத் தொகுதிக்குச் சங்க காலத்திலேயே வரைபடம் போட்டாயிற்று! இன்னொரு வேடிக்கை: பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர். இன்றைய கணக்கில் அவர் பக்கத்துச் செய்யூர் தொகுதி வாக்காளர். பட்டினத்துக்கு வரும் பாணனை மீனவரான நுளையர் வீட்டுப் பெண்கள் கள்ளும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பதாகப் பாடியிருக்கிறார். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அப்படி ஒரு உபசாரம் நடந்தால் பறக்கும் படை ஜீப் வந்து நிற்கும். உப்பு விற்கும் உமணர் வண்டியோடு வந்த ஒரு மந்தியும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அதற்கு வாக்கில்லை, விட்டுவிடலாம்.

அங்கிருந்து நேரே 1952க்குத் தாவுவோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். திண்டிவனம் என்ற பெயரில் அப்போது ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. ஒரு தொகுதி, ஆனால் இரண்டு எம்.பி.! ஒன்று பொது, ஒன்று தனி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையும் கிடையாது. மறைப்புக்குள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, மேலே சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். மறைப்புக்குள் ஆள் கொஞ்சம் தாமதித்தால் வெளியே நிற்கும் முகவருக்கு எப்படிப் பதைத்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

முடிவு இன்னும் சுவாரஸ்யம். நாடெங்கும் காங்கிரஸ் அலை அடிக்க, இங்கே இரண்டு இடத்தையும் அள்ளியது தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வென்றவர்கள் வி.முனுசாமி, ஏ.ஜெயராமன். கட்சியை உருவாக்கியவர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சி. 1954இல் அவர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார், கட்சி கரைந்தது. அத்தோடு கதை முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள் இல்லையா? 1980இல் மனிதர் திரும்பி வந்தார், இதே திண்டிவனத்துக்கு. தன் கட்சி எந்தக் காங்கிரசை வீழ்த்தியதோ அதே காங்கிரசின் கைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். 1984இலும் ஜெயித்தார்.

இரட்டை உறுப்பினர் ஏற்பாட்டை 1961இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த எம்.பி.க்களில் சிலரைப் பறந்தபடியே பார்த்துவிடலாம்: 1991இல் திண்டிவனம் ராமமூர்த்தி, 1998லும் 1999லும் செஞ்சி ராமச்சந்திரன், 2004இல் பா.ம.க.வின் தன்ராஜ். அவரே கடைசி. தொகுதி மறுவரையறையில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி என்ற பெயரே அழிந்து, 2009 முதல் விழுப்புரம் (தனி) ஆயிற்று. எழுத்தாளர் ரவிக்குமார் அங்கே 2019இல் உதயசூரியனில் நின்று ஜெயித்தார், 2024இல் பானையில் நின்று ஜெயித்தார். ஆள் அதேதான், சின்னம்தான் வேறு. மரக்காணத்துக்குத் தன் பெயரில் தொகுதி இல்லாத குறை இருந்தது. பாதிக் குறை திண்டிவனத்துக்கும் வந்து சேர்ந்ததில் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்குமோ?

அதே மறுவரையறை சட்டமன்றத்திலும் நாற்காலிகளை இடம் மாற்றியது. 2001, 2006 என்று திண்டிவனத்தில் அடுத்தடுத்து வென்றவர் அ.தி.மு.க.வின் சி.வி.சண்முகம். தொகுதி 'தனி' ஆனதும் அவர் விழுப்புரத்துக்குப் போய்விட்டார். 2011இல் இங்கே ஹரிதாஸ். தனித் தொகுதி விதியில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. நிற்பவர்தான் பட்டியல் சாதியினராக இருக்கவேண்டும், வாக்களிப்பது எல்லோரும். வேட்பாளர் இந்தத் தொகுதிக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் போதும். வயது 25. டெபாசிட் மற்றவர்களுக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பணம் வீடு திரும்பும்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 19 மே 2016.

வாக்கு எண்ணும் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம். காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கு. அரை மணி கழித்து இயந்திரங்கள் வருகின்றன. வழக்கமாகப் பதினான்கு மேசை. மேசையைச் சுற்றிக் கம்பிவலை, வலைக்கு இந்தப் பக்கம் முகவர்கள் கையில் பேனாவும் 17சி படிவமும். தன் வாக்குச்சாவடியில் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்று வாக்குப்பதிவு அன்றே எழுதி வாங்கிய நகல் அது. இயந்திரம் காட்டும் எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் பொருந்தவேண்டும். சுற்று மேல் சுற்று. கடைசியில் திண்டிவனத்தில் தி.மு.க.வின் சீத்தாபதி சொக்கலிங்கம் வென்றார். அ.தி.மு.க.வின் எஸ்.பி.ராஜேந்திரனைவிட அவர் கூடுதலாகப் பெற்றது எவ்வளவு தெரியுமா? 101 வாக்கு! மொய்க்கவரில் வைக்கிற தொகை ஐயா அது!

ஒரு தெருவில் பாதிக்குக் காலையில் பேருந்து தவறியிருந்தால் இந்த எண் தலைகீழாகியிருக்கும். அதனால்தான் எனக்குத் தேர்தல் விதிப்புத்தகத்தின் பொடி எழுத்துகள் மேல் இப்படியொரு காதல். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன், முகவர்கள் கண்முன்னே குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் போட்டுப் பார்த்து, கூட்டிக் காட்டி, பிறகு அழித்துவிட வேண்டும். எந்த அதிகாரியாவது அழிக்க மறந்தால்? 101இல் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மறதியிலேயே வந்துவிடும். கூட்டல் முடிந்து மொத்தத்தை அறிவித்த பிறகும் சில நிமிடம் எல்லாம் நின்று போகும். தோற்றவர் எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்க விடப்படும் அவகாசம் அது. தேர்தல் அதிகாரி வெற்றியை முறைப்படி அறிவித்துவிட்டால் பிறகு உயர் நீதிமன்றம்தான் வழி, அதுவும் 45 நாளுக்குள். அந்தச் சில நிமிடம் கூடத்தில் கொசு பறந்தாலும் கேட்கும்.

அந்த ஆண்டு தமிழ்நாடே நூலிழையில் தொங்கியது. ராதாபுரத்தில் 49, காட்டுமன்னார்கோவிலில் 87. ராதாபுரம் வழக்கு தபால் வாக்குகளில் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லுமா என்ற கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. சரி, இரண்டு பேரும் சரிசமமாக வந்தால்? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூசாமல் சொல்கிறது: சீட்டுக் குலுக்கு. யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாக விழுந்ததாகக் கொள்ளவேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை எங்கும் போய்விடவில்லை, 65ஆம் பிரிவுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது!

2021இல் திண்டிவனத்தில் அ.தி.மு.க.வின் அர்ஜுனன் இதே சீத்தாபதி சொக்கலிங்கத்தை வென்றார். அந்த முறை இரவு யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

ஜெயித்தவருக்கான விதிகளில் எனக்குப் பிடித்தது அரசியலமைப்பின் 193ஆம் பிரிவு. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். 1950இல் அது யானை விலை. இன்று சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்து போகும் பெட்ரோலுக்குக்கூடக் காணாது.

உச்சகட்ட வேடிக்கை இனிமேல்தான். உப்பளத்துக்காரர்கள் வாக்குப் போட்டு அனுப்பும் எம்.எல்.ஏ.வால் உப்பு உற்பத்தி பற்றிச் சட்டம் போட முடியாது! அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 58ஆவது வரி உப்பு. அதைப் பேசவேண்டியவர் எம்.பி. மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கடல் எல்லை தாண்டி வலை போனால் அதுவும் ஒன்றியத்துக்கு, 58க்கு முந்தைய 57ஆவது வரியில். ஒரே வீட்டில் அண்ணன் உப்பளத்திலும் தம்பி படகிலும் இருந்தால் இரண்டு பேரும் இரண்டு அவைகளின் பிள்ளைகள். உப்பைத் தொட முடியாத மாநில அரசு உப்பு வாருகிறவரைத் தொடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாத்திகள் முழுகி வேலை இல்லாமல் போகும்போது தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வருவது அந்த வழியில்தான்.

தேர்தல் வைக்கிறவர்களுக்கு உப்புக்காலண்டர் தெரியாது போலிருக்கிறது. ஏப்ரல், மே என்றால் உப்பு பொரிந்து விளையும் காலம். வெயில் ஏறுமுன் வாரி முடிக்கவேண்டும் என்று இருட்டிலேயே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். சாவடி திறப்பது ஏழு மணிக்கு. தினக்கூலிக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. விளைந்த உப்பு அந்தப் பிரிவைப் படித்ததில்லை. நான் அறிந்தவரை பாதிப் பேர் வேலையை முடித்துவிட்டு, காலில் உப்புச் சேறு காயாமலே வரிசையில் வந்து நிற்பவர்கள்தான்.

அங்கே ஒரு சின்ன ரசவாதம் நடக்கிறது. இடது ஆட்காட்டி விரலில் வைக்கும் மை மைசூரில் அரசு ஆலையில் தயாராகிறது, 1962 தேர்தலிலிருந்து. அதன் உயிர் சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்ததும் அது சில்வர் குளோரைடாக மாறி, தண்ணீரில் கரையாமல் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. வெயில் பட்டால் கறுத்துவிடும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது, நகம் வளர்ந்துதான் வெளியேறவேண்டும். கள்ள வாக்கைத் தடுக்கும் அந்தக் கறுப்புக்கோட்டைப் பிடித்து வைத்திருப்பது உப்பு!

விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மை பிடிக்காது. அதனால் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்கவேண்டும் என்று வாக்குச்சாவடி அலுவலர்களுக்கு அறிவுரை இருக்கிறது. வெடித்த கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வரும் உப்பளத்து அக்காவின் விரலை அலுவலர் இரண்டு தரம் துடைக்கிறார். அக்கா பின்னால் திரும்பி வரிசையைப் பார்க்கிறார். "சீக்கிரம் வையுங்க சார், வெயில் ஏறிடுச்சு."