ரேலிக் காரின் ஷாஃப்ட் ஏன் முறிகிறது?



ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ரேலிக் கார்ப் பந்தயம் புதிய செய்தியன்று. நாள்தோறும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் டிராக்டரும் செல்லும் அதே செம்மண் சாலைகளில் மலேசிய ரேலி பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. நம் நாட்டவரான கரம்ஜிட் சிங் 2002-ஆம் ஆண்டில், உற்பத்திக் கார்களுக்கான பிரிவில் உலக ரேலிப் பட்டமே வென்று வந்தார்.

இத்தகைய பந்தயங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒரு கார் வளைவில் திரும்பிச் சீறிப் புறப்படும். 'டப்' என்று ஓர் ஓசை கேட்கும். இயந்திரம் முன்போலவே முழங்கும், கியரும் விழும், ஆனால் கார் ஓர் அடி நகராது. முறிந்தது இயந்திரமன்று. இயந்திரத்தின் வலிமையைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்லும் டிரைவ் ஷாஃப்ட் என்னும் எஃகுத் தண்டு.

பட்டணத்துப் பட்டறைகளில் வேலை பழகும் நம் தோட்டத்து இளைஞர்கள் பலருக்கு இந்தக் கார்களின் மீது மோகம் உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கார் ஒன்றை வாங்கி, இயந்திரத்தின் வலிமையைக் கூட்டுகிறார்கள். ஷாஃப்ட் முறிகிறது. "இன்னும் தடிப்பாக ஒன்று போடு" என்று யாரோ சொல்கிறார்கள். போடுகிறார்கள். அடுத்த மாதம் கியர் பெட்டி உடைகிறது. இப்படிக் கரையும் வெள்ளி கொஞ்சமன்று. ஆகவே, இது ஏன் நிகழ்கிறது என்பதை இன்று சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

1985-ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகா காரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் முன்சக்கரங்களே காரை இழுக்கின்றன. கியர் பெட்டியிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ஷாஃப்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. சக்கரம் மேலும் கீழும் குதிக்கும். இடமும் வலமும் திரும்பும். ஷாஃப்டோ சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஷாஃப்டின் இரு முனைகளிலும் மடங்கக்கூடிய மூட்டுகள் உள்ளன, நம் முழங்கையைப் போல. வெளிமூட்டினுள் பொதுவாக 6 எஃகுக் குண்டுகள் இருக்கும். பழைய கார் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்கிறதல்லவா? அது தேய்ந்துபோன இந்த மூட்டின் ஓசைதான்.

ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்குகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, ஏறக்குறைய அவ்வளவை ஓர் இயந்திரம் தருகிறது என்று கொள்வோம். முதல் கியரும், அதற்குப் பின்னுள்ள இறுதிப் பல்சக்கரமும் சேர்ந்து அதை 14 மடங்காக்கினால், அது 210 கிலோவுக்குச் சமமாகிவிடும். இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 105 கிலோ. சாதாரணக் காரில் இந்தப் பங்கீடு சமமாகவே நடக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் இரண்டுமே வலுவிழக்கும், கார் சிக்கிக்கொள்ளும். ஒரு ஷாஃப்ட் முறிந்த கார் நகராததும் இதே காரணத்தால்தான். ரேலிக் காரில் இதைத் தவிர்க்க, ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் சாதனம் ஒன்றைக் கியர் பெட்டியில் பொருத்துகிறார்கள். அதனால் கார் சேற்றை விட்டு வெளியேறும். ஆனால் நல்ல பிடிப்புள்ள பக்கத்து ஷாஃப்ட், தன் பங்குக்கு மேலும் சுமக்க வேண்டியதாகிறது.

இவ்வளவும் சீராக வரும் சுமை. ஷாஃப்டைக் கொல்வது பெரும்பாலும் திடீர்ச் சுமைதான். மேட்டில் ஏறிய கார் ஆகாயத்தில் தாவுகிறது. ஓட்டுநரின் கால் முடுக்கியிலேயே இருப்பதால், தரையைத் தொடாத சக்கரங்கள் வெறிகொண்டு சுழல்கின்றன. அடுத்த நொடி தரையில் விழுந்ததும் சக்கரங்களின் வேகம் சட்டென்று பிடித்து நிறுத்தப்படுகிறது. அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்டில் இறங்குகிறது. அதே போல, ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பிய நிலையில் முடுக்கியை அழுத்தினால், மூட்டு மிகவும் மடங்கியிருப்பதால் 6 குண்டுகளும் சுமையைச் சமமாகத் தாங்குவதில்லை. காரை உயர்த்திக் கட்டியவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நேராக ஓடும்போதுகூட மூட்டு வளைந்தே இருக்கும்.

தளர்ந்த மண்ணில் சக்கரம் வழுக்குவது ஷாஃப்டுக்கு ஒரு பாதுகாப்பு என்பதையும் சொல்ல வேண்டும். தாங்க முடியாத முறுக்கு வரும்போது டயர் விட்டுக்கொடுத்துவிடும். தார்ச் சாலையில் பிடிப்பு மிகுந்த டயர்களைப் போட்டு ஓடும்போது அந்த விட்டுக்கொடுத்தல் இல்லை. டயரை மாற்றியதும் ஷாஃப்ட் முறியத் தொடங்கினால் வியப்படைய வேண்டியதில்லை.

இனி, முறிந்த துண்டைக் கையில் எடுப்போம். அதை வீசியெறிந்துவிட்டுப் புதியது வாங்கப் போவதுதான் நாம் பெரிதும் காணும் தவறு. வகுப்பறைச் சுண்ணக்கட்டி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து, வளைக்காமல் முறுக்கிப் பாருங்கள். அது குறுக்கே நேராக உடையாது. திருகாணியைப் போல் சாய்வாகச் சுற்றி உடையும். நொறுங்கும் தன்மையுள்ள பொருள் முறுக்கினால் அப்படித்தான் உடையும். அளவுக்கு மீறிக் கடினமாக்கப்பட்ட எஃகும் அவ்வாறே உடைகிறது. மென்மையான எஃகு முதலில் முறுகி, பிறகு கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாக அறும். மூன்றாவது ஒன்றுண்டு. உடைந்த முகத்தில் ஓர் ஓரத்திலிருந்து புறப்பட்டு, சிப்பி ஓட்டில் காணும் கோடுகளைப் போல் வரிவரியாகக் கோடுகள் பரவியிருக்கும். இது ஒரே அடியில் முறிந்ததன்று. என்றோ தோன்றிய மயிரிழை வெடிப்பு, ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது சிறிதாக வளர்ந்து, மிஞ்சிய பகுதி தாங்க முடியாமல் கடைசியில் விட்டுக்கொடுத்தது. முதல் வகை, எஃகும் அதைப் பதப்படுத்திய முறையும் பிழை என்று காட்டும். இரண்டாவது, சுமை மிகுதி என்று காட்டும். மூன்றாவது, வெடிப்பு தொடங்கிய இடத்தைத் தேடச் சொல்லும்.

இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் மினி கார் ஒரு சான்று. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இந்தச் சிறு கார் 1959-இல் வெளிவந்தது. ரப்பர் மரங்களிடையே வாழும் நமக்கு அதன் அமைப்பு சுவையாக இருக்கும். அதன் சக்கரங்களைத் தாங்கியது சுருள்வில்லன்று, ரப்பர்க் கூம்பு. ஷாஃப்டின் உள்முனையிலும் ரப்பர் பதித்த ஓர் இணைப்பையே வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு கடைக்குச் சென்று வர அது போதுமானது. பந்தயத்திலோ, இயந்திர எண்ணெய் பட்டு ஊறி இளகிய ரப்பர் முறுக்கைத் தாங்காமல் கிழிந்தது. அங்கே ஷாஃப்டைத் தடிப்பாக்கியிருந்தால் ஒரு பயனும் விளைந்திராது. வலிமை மிகுந்த கூப்பர் எஸ் வகையில், ரப்பரை நீக்கி, ஊசி போன்ற சிறு உருளைகள் கொண்ட எஃகு மூட்டைப் பின்னர்ப் பொருத்தினார்கள். மினி கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் புகழ்பெற்ற மான்டி கார்லோ ரேலியை வென்றன.

ஷாஃப்டேதான் முறிகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? தடிப்பைக் கூட்டுவது பலன் தரும் என்பது உண்மைதான். குறுக்களவை பத்தில் ஒரு பங்கு கூட்டினால் வலிமை பத்தில் ஒரு பங்கு கூடும் என்று எண்ணிவிடாதீர்கள்; மூன்றில் ஒரு பங்கு கூடும். 24 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குப் பதில் 27 மில்லிமீட்டர் போட்டால், அதே எஃகானாலும் வலிமை ஏறக்குறைய 42 விழுக்காடு மிகும். முறுக்கு தண்டின் வெளிப்புறத்தையே அதிகம் தாக்குகிறது. நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதனால்தான் நடுவே துளையிட்ட ஷாஃப்டும் நன்றாக உழைக்கிறது. குறுக்களவில் பாதி அளவுக்குத் துளையிட்டால் எடையில் கால் பங்கு குறையும். வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வெளிப்புறமே சுமை தாங்குவதால், அங்கே விழும் ஒரு கீறலும் ஒரு துருப்புள்ளியும் வெடிப்புக்கு வித்தாகின்றன. ஷாஃப்டின் நுனியில், மூட்டுக்குள் நுழைவதற்காகப் பற்கள் வெட்டியிருப்பார்கள். அந்தப் பற்கள் முடியும் இடத்தில் கூரிய மூலை இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் முறியும். கைதேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தண்டின் நடுப்பகுதியைப் பற்களின் அடிப்பள்ளத்தைவிடச் சற்று மெலிதாகக் கடைந்து, நுனிகளை நோக்கி வழவழப்பாகப் பருக்கச் செய்கிறார்கள். மெலிதாக்கினால் வலிமை கூடுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மெலிந்த நீண்ட பகுதி வில்லைப் போல் சிறிது முறுகி மீள்கிறது. திடீர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கூரிய மூலையில் அடி விழுவதில்லை. பிறகு சிறு எஃகு மணிகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குகிறார்கள். இறுகிய தோலில் வெடிப்பு எளிதில் வாய் திறக்காது. பந்தய ஷாஃப்டுகளுக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு பயன்படுகிறது. 300எம் எனப்படும் ஒருவகை எஃகில் ஆகாய விமானத்தின் தரையிறங்கும் கால்களையே செய்கிறார்கள். விலையும் அதற்கேற்றதே.

முறிந்த ஷாஃப்டைப் பற்றவைத்து ஓட்டுவதை மட்டும் நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பற்றவைக்கும் சூடு, எஃகுக்கு முன்னர் ஏற்றிய பதத்தைக் கெடுத்துவிடும். அது மீண்டும் முறியும்போது கார் எந்த வேகத்தில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஷாஃப்ட் முறியாதபடி வலுவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அதிர்ச்சி எங்கே போகும்? அடுத்துள்ள மெலிந்த உறுப்பைத் தேடிப் போகும். அது மூட்டாக இருக்கலாம், கியர் பெட்டியின் பற்களாகவும் இருக்கலாம். தோட்டத்தில் டிராக்டரின் பின்னால் புல் வெட்டும் இயந்திரத்தைப் பூட்டுகிறோம் அல்லவா? பல இயந்திரங்களில் அந்த இணைப்பு ஷாஃப்டில் வேண்டுமென்றே மெலிதான ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். வெட்டுத்தகடு மரக்கட்டையில் மோதினால் அந்தப் போல்ட் அறும். பல்சக்கரப் பெட்டி பிழைக்கும். அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட்டை முடுக்கினால், சில வெள்ளிக்குப் பதில் பெட்டியையே மாற்ற நேரும். ரேலிக் குழுவினரில் பலரும் ஷாஃப்டை இந்தப் போல்ட்டைப் போலவே கருதுகிறார்கள். பழகிய மெக்கானிக்குகள் ஷாஃப்டை விரைவில் மாற்றிவிடுவார்கள். கியர் பெட்டியை மாற்றுவது பெரிய வேலை. ஆகவே ஷாஃப்டை வேண்டிய அளவுக்கு மட்டும் வலுவாக்கி, கூடவே ஒரு ஜோடியைக் கையிருப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.

மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பார்க்க வேண்டும். கிழிந்த உறை வழியே கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே புகுந்தால், எந்த எஃகும் தாங்காது.

செலவில்லாத ஒரு சோதனையும் இருக்கிறது. புதிய ஷாஃப்டைப் பொருத்துமுன் அதன் நீளவாக்கில், ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை, வெள்ளைச் சாயத்தால் நேர்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். ஓடும்போது தண்டு முறுகி மீள்வது இயல்பு. நின்றதும் கோடு நேராகவே தெரியும். நிறுத்திய காரின் அடியில் குனிந்து பார்க்கும்போது அந்தக் கோடு சற்றே திருகிச் சுற்றியிருந்தால், எஃகு மீளும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். இன்னும் முறியாவிட்டாலும் அந்த ஷாஃப்டை அன்றே கழற்றிவிட வேண்டும்.